ஒரு ராத்திரிக் காய்ச்சலும் மீதி ஊசிகளும்



உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும், பாருங்கள். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் சோளக்காட்டில் போய் ஒளிந்தவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. பெரியம்மையில் பிள்ளைகள் கண்ணை இழந்ததையும் உயிரை விட்டதையும் பார்த்த பிறகு, பலர் தாங்களாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1975-க்குப் பிறகு நம் நாட்டில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இன்றைய இளம் தம்பதியரில் பலர் இப்படிப்பட்ட நோய்களைக் கண்ணால் கண்டதில்லை. கக்குவான் வந்த குழந்தை இருமி இருமி, மூச்சு இழுக்க முடியாமல் நீலம் பூத்துப்போவதைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஊசி போட்ட அன்று வந்த காய்ச்சலைத்தான். "போன தடவை போட்டதுக்கே புள்ள விடிய விடிய அழுதுது, இனிமே வேணாம்" என்று மாமியார் சொல்வார். தாயும் விட்டுவிடுவாள். அந்த அழுகையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை அரைகுறைப் பாதுகாப்போடு நின்றுவிடுகிறதே!

தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியை 6, 10, 14 வாரங்களில் மூன்று தடவை போடுகிறோம். முதல் ஊசி நோய்க்கிருமியை உடம்புக்கு அடையாளம் காட்டுகிறது. அடுத்த இரண்டும்தான் எதிர்ப்புச் சக்தியை உறுதியாக்குகின்றன. லேசான காய்ச்சல், தொடையில் வீக்கம் எல்லாம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். நர்சம்மா சொன்ன அளவில் காய்ச்சல் மருந்து கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். போன தடவை வலிப்பு வந்திருந்தால், அடுத்த ஊசிக்கு முன்னாடியே நர்சம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

தேதி தப்பிவிட்டதா? கூச்சப்படாமல் வாருங்கள், யாரும் திட்ட மாட்டோம். மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை: ஊசி போடும் நாளில் கூடவே வாருங்கள். அன்று ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க இன்னொரு ஆள் வேண்டும். வரும்போது தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.