பீர் பீப்பாயில் நுரை மட்டுமே வருவது ஏன்?

பெங்களூரு, குருகிராம் போன்ற நகரங்களில் இயங்கும் சிறு பீர் ஆலைகளில், குழாயைத் திறந்ததும் பீருக்குப் பதில் நுரையே பொங்கி வழிவதுண்டு. கரியமில வாயுவின் அழுத்தமும் பீரின் வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே இதற்கு முக்கியக் காரணம்.

குளிர்ந்த பீரில் வாயு எளிதில் கரையும். வெப்பம் கூடினால் வெளியேறும். ஒரு லிட்டர் பீரில் சுமார் 2.5 லிட்டர் வாயு கரைந்திருக்க, 3 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 12 பிஎஸ்ஐ அழுத்தம் போதுமானது. 20 டிகிரியிலோ சுமார் 28 பிஎஸ்ஐ தேவை.

அவசரத்தில் அழுத்தத்தை உயர்த்தினால் வாயு அளவுக்கு மிஞ்சிவிடும். குளிர்நிலையில், சீரான அழுத்தத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருப்பதே பாதுகாப்பான முறை.

கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய குளிர் அறைகளில் அது தேங்கினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். எனவே, காற்றோட்டமும் வாயுக்கசிவு எச்சரிக்கைக் கருவியும் இன்றியமையாதவை.