ஒரு நீராவி, நாலு கலன்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறுகிறவர்களுக்குக் காவலூர் தொலைநோக்கி நினைப்புதான். எனக்கோ அடிவாரத்திலேயே கால் நின்றுவிடும். மலைக் கடுக்காய் தோல் பதனிட இறங்கி வந்த பூமி இது. இன்று இங்குள்ள தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் வளையாம்பட்டு, உதயேந்திரம், ஆம்பூர்ப் பக்கம் துத்திப்பட்டு என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அவற்றின் பின்கட்டில் நடக்கும் அதிசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வாருங்கள்!

முதலில் சமன்செய்யும் தொட்டி. ஒரு ஷாப்பில் காலையில் சுண்ணாம்புத் தண்ணீர் திறப்பார்கள், இன்னொன்றில் சாயங்காலம் அலசல் நீர். தனித்தனியாகச் சுத்திகரித்தால் அவரவர் உச்ச வரத்துக்கு ஏற்ற மோட்டாரை வாங்கிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அரைச் சுமையில் ஓட்ட வேண்டும். பல ஷாப்புத் தண்ணீர் கலந்ததும் ஏற்ற இறக்கம் அடங்கிவிடுகிறது. காற்று ஊதும் புளோயர் ஒரே சீராக ஓடுகிறது; மின்சாரம் மிச்சம். குரோம் உப்பால் தோல் பதனிட்ட தண்ணீர் மட்டும் இதில் சேராது. அதைத் தனியே பிடித்து, குரோமை மீட்டு, மறுபடி பதனிடும் டிரம்முக்கே அனுப்பலாம்.

அடுத்து ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சுவது கடும் உப்புநீர். அதை ஆற்றில் விட முடியாது, காய்ச்சித்தான் ஆக வேண்டும். ஆயிரம் லிட்டர் கொதிநீரை ஆவியாக்க மட்டும் சுமார் 627 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 2016-ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வந்ததே 100 யூனிட்!

இங்கேதான் நான் துள்ளிக் குதிக்கிறேன். பாய்லர் நீராவி முதல் கலனை மட்டுமே சூடாக்குகிறது. அங்கே எழும் ஆவி இரண்டாவது கலனுக்கு அடுப்பாகிறது, அதன் ஆவி மூன்றாவதுக்கு. ஒவ்வொன்றிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் சூட்சுமம். கடைசிக் கலனின் கண்ணாடி வழியே பாருங்கள்: 60 டிகிரியில், ரசம் நுரைகட்டக்கூடப் போதாத சூட்டில், உப்புநீர் தளதளவென்று கொதிக்கும்! நாலு கலன் இருந்தால் நீராவிச் செலவு கிட்டத்தட்ட கால் பங்குக்கு இறங்கிவிடும்.

சின்ன ஷாப்பு ஒன்று தனியாக இதை வைக்க முடியுமா? விலை ஒருபக்கம் இருக்கட்டும். சின்ன பாய்லர் தன் மேனி வழியாகவே நிறையச் சூட்டை இழக்கும். பத்து ஷாப்பு சேர்ந்தால்தான் கணக்கு கூடிவருகிறது.

ஷாப்புக்காரர்களைச் சேரவைத்தது, தோல் கழிவால் கெட்ட பாலாறு. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சுத்திகரிப்பு இல்லாமல் ஆலை இல்லை என்றாக்கியது. கழிவைக் காய்ச்சுவதால் எரிபொருள் செலவு கூடத்தான் செய்கிறது, மிஞ்சும் உப்புக்கும் போக்கிடம் வேண்டும். கெட்டுப்போன கிணறுகளை நினைத்தால் அந்தச் செலவு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

ஆனால் ஓர் ஆசை. டென்மார்க்கின் கலுண்ட்போர்க்கில் அனல்மின் நிலையத்தின் நீராவி பக்கத்து எண்ணெய் ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் குழாயில் போனது. நம் ஊரில் கடைசிக் கலனின் சூடு குளிர்விப்புக் கோபுரம் வழியாக வானத்துக்குப் போகிறது. சாயமேற்றும் டிரம்முக்கோ தினமும் வெந்நீர் வேண்டும். நடுவே ஒரு குழாய் போட்டால் என்ன?