ஏரி தந்த ஆடுகளம்

நீங்கள் வியர்க்க விறுவிறுக்க ஓடி விளையாடிய கடைசி நாள் எது என்று சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளி நாட்களா? கல்லூரி நாட்களா? அதற்குப் பின் கடை, அலுவலகம், குடும்பம் என்று காலம் ஓடிவிட்டது அல்லவா? இதே கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்மக்களிடம் கேளுங்கள். அவர்கள் கூறும் நாள் உங்களுடையதைவிடப் பல ஆண்டுகள் முந்தியதாக இருக்கும். அது ஏன் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கல்லூரியில் ஒன்றாக வளைகோல் பந்தாட்டம் ஆடிய நண்பர்கள் எழுவர் நாங்கள். ஒருவர் ஜவுளி வணிகர். ஒருவர் வங்கி ஊழியர். நானோ மதரஸாவில் பாடம் சொல்லித் தருபவன். கோடை விடுமுறையில் ஒரு சனி, ஞாயிறன்று பழைய ஹாக்கி மட்டைகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எங்கேனும் செல்வது எங்கள் வழக்கம். சென்ற கோடையில் சென்ற இடம் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் உள்ள ஊர் அது. நண்பர் ஒருவரின் மைத்துனருக்கு அங்கே கொஞ்சம் நிலமும், தங்குவதற்கு ஒரு வீடும் உண்டு.

இம்முறை பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் என்றால் ஆண்பிள்ளைகள் என்றே அனைவரும் பொருள் கொண்டோம். ஆனால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அத்தா, நானும் வருகிறேன்" என்றாள். தயங்கினேன். "தம்பியை மட்டும் அழைத்துப் போனால் அவள் மனம் என்ன பாடுபடும்?" என்று அவள் தாயார் கேட்டார். மறுமொழி கூற இயலாமல் அழைத்துச் சென்றேன்.

வற்றிய ஏரியில்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்பர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகள், மதகுகளின் வழியே வயல்களுக்கு நீரைக் கொடுத்துக் கொடுத்து, கோடையில் பெரும்பாலும் வற்றிவிடும். வண்டல் மண் காய்ந்து இறுகியதும் அதுவே சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். மீண்டும் மழை பிடிக்கும்வரை சில வாரங்களே அதற்கு ஆயுள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறையில் ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே தனிக்குழு அமைத்த மண்ணில் நாங்கள் விருந்தினர். ஆகவே ஊராரிடம் கேட்டுக்கொண்டே ஏரிக்குள் இறங்கினோம். மண் அள்ளிய குழிகள், கருவேல முட்கள், மாட்டுக் குளம்பின் தடங்கள் எல்லாம் உண்டு. எனவே, முதலில் வரிசையாக நடந்து தரையைச் சோதித்து, குழிகளுக்கருகே கிளைகளை நட்டு எல்லை வகுத்தோம்.

நண்பர்கள் எழுவர், பையன்கள் நால்வர், மொத்தம் பதினொருவர். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கரையில் தண்ணீர்க் குடத்தின் அருகே நின்ற என் மகள், முக்காட்டை இறுகக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, எதிரணியின் கோலில் நின்றாள்.

வெடித்த தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது. மட்டையைத் தரையோடு தாழ்த்திப் பிடிக்கத் தெரிந்தவருக்கே அங்கு ஆட்டம். அவளுக்கு அது தெரிந்திருந்தது! மூன்று கோல்களை விட்டாள்; ஆனால் நான் அடித்த இரண்டையும் தடுத்துவிட்டாள். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று நண்பர் கேட்டார். "பள்ளிக்கூடத்தில் டீச்சர்" என்றாள். என் நெஞ்சில் சுருக்கென்றது. பள்ளி அணியில் சேரப் பெற்றோர் ஒப்புதல் கேட்டு வந்த தாள் ஒன்று, மூன்று வாரங்களாக என் மேசை இழுப்பறையில் கையொப்பமின்றிக் கிடந்தது.

உறைந்த குளத்தில்

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் மொட்டை மாடியில் அமர்ந்திருந்தபோது, முன்பு வேலை நிமித்தமாக லடாக்கில் இருந்த நண்பர் அங்குள்ள ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ள லே நகரில், குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். இங்கே நீர் வற்றினால் திடல். அங்கே நீர் உறைந்தால் திடல்! அந்நகரின் கர்சூ குளம் இதற்குப் பெயர் பெற்றது. பந்துக்குப் பதிலாக ஓர் அங்குலக் கனமும் மூன்று அங்குலக் குறுக்களவும் கொண்ட ரப்பர் வட்டு. காலில் இரும்பு அலகு பொருத்திய காலணி. கோல் காப்பாளரையும் சேர்த்துப் பக்கத்துக்கு அறுவர். கனடாவில் பிளாஸ்டர் ராக் என்னும் சிற்றூரில், 2002 முதல் உறைந்த ஏரியின் மீது உலகப் போட்டியே நடத்துகின்றனர். அங்கே பக்கத்துக்கு நால்வர். கோல் காப்பாளர் இல்லை.

லடாக்கில் இவ்வாறு உறைந்த குளங்களில் பழகிய பெண்கள், 2016-இல் இந்திய அணியாக முதன்முறை பன்னாட்டுப் போட்டியில் ஆடினர். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை வென்று முதல் வெற்றி கண்டனர். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் பெற்றனர். அந்த இந்திய அணியில் கோல் காப்பாளராக விளங்கியவர்களுள் ஒருவர் நூர் ஜஹான் என்னும் லே நகரத்துப் பெண்மணி. பழஞ்சுவரோவியங்களைச் செப்பனிடுவது அவரது தொழில். ஒரே கை, நுண்ணிய தூரிகையையும் பிடித்தது. பாய்ந்து வரும் வட்டையும் தடுத்தது.

இதைக் கேட்ட என் மகள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், வெயில் ஏறுமுன் ஆடிய ஆட்டத்தில் யாரும் அழைக்காமலே கோலில் போய் நின்றாள். ஊர் திரும்பும் பேருந்தில் மட்டும் மெல்லக் கேட்டாள்: "அடுத்த வருஷம் நான் பத்தாவது. அப்போதும் கூட்டிப் போவீர்களா, அத்தா?"

சிந்திப்பீர்!

வாசகர்களே! ஏரித் தரைக்குச் சில வாரங்களே ஆயுள். உறைந்த குளத்துக்கும் அப்படியே. அந்தக் குறுகிய காலத்தை விதிப்பது இயற்கை. ஆனால், நம் பெண்பிள்ளைகள் விளையாடும் பருவத்தைச் சுருக்குவது யார்? நாம் அல்லவா? கண்ணியமான உடை, நல்ல ஆசிரியை, பாதுகாப்பான இடம் ஆகியவற்றைத் தேடித் தருவது நம் கடமை. அவற்றைத் தேடச் சோம்பி, "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. நான் அதைக்கூடச் சொல்லவில்லை. தாளை இழுப்பறையில் போட்டு மூடினேன். மௌனமாக மறுப்பது வாய்விட்டு மறுப்பதைவிடக் கொடியது. ஏனெனில், பிள்ளையால் அதனுடன் வாதாடவும் முடியாது.

வீடு சேர்ந்த அன்றிரவே கையொப்பமிட்டேன். நாள் கடந்துவிட்டதால், அவ்வாண்டு அணியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. "பரவாயில்லை அத்தா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று என்னைத் தேற்றியவள் அவளே. உங்கள் வீட்டு இழுப்பறையில் இப்படி ஒரு தாள் கிடக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள்.