இரவு மாத்திரையும் பெண்ணின் மனமும்

எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களில் பலர், மாத்திரைப் புட்டி கைக்கு வந்ததும் யாருக்கும் தெரியக்கூடாதென்று அதில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிடுகிறார்கள். குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு வைப்பவர்களும் உண்டு. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை நடப்பதால், பல குடும்பங்களில் தொற்று முதலில் தெரியவருவது மனைவிக்குத்தான். கணவனிடமிருந்து வந்திருந்தாலும் பழி அவள் மேல் விழுகிறது. அவளுக்குத் தூக்கம் கெட்டால், “கவலைதான், வேறென்ன” என்று சொல்லிவிடுவார்கள்.

கவலை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கூட்டு மருந்து சிகிச்சையில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்த எஃபவிரென்ஸ், வைரஸை நன்றாகக் கட்டுப்படுத்தி எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அது மூளையையும் பாதிக்கும். தலைசுற்றல் வரும் என்பதால்தான் படுக்கப்போகும்போது விழுங்கச் சொன்னார்கள். பலருக்கு நிஜம்போலவே கெட்ட கனவுகள் வந்தன; சிலருக்கு மனச்சோர்வு. நான்கு மருத்துவச் சோதனைகளின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து முடிவை 2014இல் வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணமோ முயற்சியோ ஏற்பட்டவர்கள் சிலரே என்றாலும், எஃபவிரென்ஸ் எடுத்தவர்களிடம் அந்த அபாயம் எடுக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

பிறகு டோலுடெக்ராவிர் வந்தது. வைரஸை வேகமாக அடக்கியது. மனதைக் குலைப்பதும் குறைவு. ஆனால் 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை. கருத்தரித்தபோதே இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு மூளை, தண்டுவட வளர்ச்சியில் குறைபாடு. வழக்கமாக இது ஆயிரத்தில் ஒன்று. உடனே பல நாடுகளில் ஆண்களுக்குப் புதிய மருந்து, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குப் பழைய மருந்து என்றாயிற்று. பிள்ளை வேண்டாம் என்றிருந்தவளுக்கும் அதே கதிதான்.

எச்சரிக்கை தேவைதான். ஆனால் பழைய மருந்து அந்தப் பெண்ணின் மனதுக்கு என்ன செய்கிறது என்பதற்குப் போதிய இடம் தரப்படவில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில், எச்.ஐ.வி.யுடன் வாழும் 39 பெண்கள் 18 நாடுகளிலிருந்து வந்து கூடினார்கள். அபாயத்தை எங்களுக்குச் சொல்லுங்கள், கருத்தடை வசதி கொடுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள் என்று கேட்டார்கள். முழு நியாயம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் டோலுடெக்ராவிரைப் பெண்கள் உட்பட எல்லாருக்கும் பரிந்துரைத்தது. பிறகு மேலும் பல பிரசவங்களைக் கணக்கெடுத்தபோது, குழந்தைகளின் குறைபாட்டில் தெரிந்த அந்த வித்தியாசமே மறைந்துபோனது.

மருந்து மாறியதோடு எல்லாம் சரியாகிவிடாது. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார். வைரஸ் மீண்டும் தலைதூக்குகிறது. இதற்கு ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. வந்து உட்காருபவரின் மனக்குறைகளைக் கேட்டு, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் இதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே யோசிக்க வைப்பார். 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. பெரும்பாலோர் பெண்கள், ஐந்தில் இருவருக்கு எச்.ஐ.வி. ஆறு மாதம் கழித்து, பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 50 சதவீதம்.

டோலுடெக்ராவிரும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னால், காலையில் சாப்பிடும்படி நேரத்தை மாற்றலாம், தேவைப்பட்டால் மருந்தையே மாற்றலாம். மனம் தாங்காத வேளையில் பேச, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் உண்டு, தமிழிலேயே பேசலாம்.