லாரித் தடம் – 9: பதினோரு அடி எட்டு அங்குலம்

செயற்கைக்கோள் சொல்வது வண்டி நிற்கும் இடத்தை மட்டும்தான், வழியைப் போடுவது போனுக்குள் இருக்கும் வரைபடம் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் திம்பம் மலைப்பாதை என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு பாலம் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை.

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரம். அங்கே கிரெக்சன் தெருவுக்கு மேலே 1940-இல் கட்டிய ரயில் பாலம். அடியில் வண்டி நுழைய இருந்த உயரம் 11 அடி 8 அங்குலம். அந்த நாட்டின் பெரிய டிரெய்லர்களோ 13 அடி 6 அங்குலம்! மோதுகிற வண்டியின் கூரை தகர டப்பாவின் மூடி மாதிரி சுருண்டு உரிந்துவிடும். 2008-இல் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த யூர்கன் ஹென் என்பவர் கேமரா வைத்து ஒவ்வொரு மோதலையும் படம்பிடிக்க ஆரம்பித்தார். பாலம் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

எச்சரிக்கைப் பலகை இல்லாமல் இல்லை. 2016-இல் உயரத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாரோடு சிக்னலே வைத்தார்கள். உயரமான வண்டி வந்தால் சிவப்பு விழும், ‘உயரம் அதிகம், திரும்பியாக வேண்டும்’ என்று பலகை எரியும். அப்படியும் வந்து மோதினார்கள். தெருவைத் தோண்டித் தாழ்த்தலாம் என்றால் அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. கடைசியில் 2019-இல் பாலத்தையே தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். எட்டு அங்குலம் ஏற்றியும் மோதல் நிற்கவில்லை.

மோதியவற்றில் வாடகை லாரிகள் நிறைய. வீடு மாற்றுவதற்காகக் கார்க்காரர்களும் எடுத்து ஓட்டுகிற வண்டி அது. போனில் இருக்கும் சாதாரண வரைபடம் வண்டியின் உயரத்தைக் கேட்பதில்லை. காருக்கான வழியைக் காட்டிவிடும்.

அங்கத்திய லாரி டிரைவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் ராண்ட் மெக்னலி லாரி அட்லஸைப் பாருங்கள். பெரிய லாரிகளுக்கு அனுமதித்த சாலைகளுக்குத் தனி நிறம். மாநிலவாரியாகத் தாழ்வான பாலங்களின் பட்டியல்: சாலை எண், இடம், உயரம். கிளம்புவதற்கு முன்பே வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துவிடலாம். நேற்று தோண்டிய சாலை அந்தக் காகிதத்துக்குத் தெரியாது, உண்மைதான். அதற்குத்தான் உயரம், எடை, நீளம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு வழி போடும் லாரி ஜி.பி.எஸ். ராண்ட் மெக்னலியே அதையும் விற்கிறது.

ஆனால் கருவியில் உயரத்தைப் போட வேண்டியது டிரைவர்தானே? லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டிய பிறகு டேப் பிடித்து அளந்த உயரம்தான் கணக்கு. ஆகவே நான் சொல்வது இது: முழு ரூட்டையும் காகிதத்தில் விரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஓடும்போது ஜி.பி.எஸ் துணைக்கு இருக்கட்டும்.

திம்பம் அடுத்த வாரம் கட்டாயம் உண்டு. அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள், கனரக வண்டிகளுக்கு இரவுத் தடை வேறு. அளக்க டேப் மட்டும் போதாது, கடிகாரமும் வேண்டும்.

(தொடரும்)