தோலைக் கேட்பதா, அளப்பதா?

வெயிலில் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரியுமா, கறுக்குமா? இந்தக் கேள்வியால் தோலை வகைப்படுத்தும் முறையை 1975-இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்தார். சொரியாசிஸுக்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது, முடி நிறத்தையும் கண் நிறத்தையும் நம்பித் தொடங்கிய கதிரளவு சிலருக்கு அதிகமாகிவிட்டது. அதனால்தான் நோயாளியிடமே கேட்டார்.

ஆனால் அவை வெள்ளைத் தோலுக்காகப் பிறந்த கேள்விகள். பழுப்பும் கறுப்பும் பின்னரே ஐந்தாம், ஆறாம் வகைகளாகச் சேர்ந்தன. நம்மைப் போன்ற மாநிறத்தில் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. வெந்த தோலுக்கும் ‘எரிந்ததில்லை’ என்றே பதில் வரும். இது சின்னப் பிழையல்ல.

தோல் நிறத்தை அளக்கும் கருவி இப்படிக் கேட்பதில்லை. ஒளியைப் பாய்ச்சி, திரும்புவதை அளக்கிறது. பச்சை ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் நன்றாக விழுங்கும். சிவப்பு ஒளியை அது அதிகம் தொடாது, தோலுக்கு நிறம் தரும் மெலனின் விழுங்கும். சிவப்பு எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்பதிலிருந்து மெலனினைக் கணிக்கலாம். வெயில் படாத மேல்கையின் உட்புறத்தில் வைத்தால் பிறவி நிறம் கிடைக்கும்.

அதற்காக மெலனின் எண்ணே முடிவான விடையாகிவிடாது. ஒரே எண் உள்ள இருவர் வெவ்வேறு கதிரளவில் சிவக்கலாம். சிகிச்சைக்கு நான் நம்புவது நேரடிச் சோதனையைத்தான்: சிறு சிறு கட்டங்களில் கதிரளவைக் கூட்டிக்கொண்டே போய், மறுநாள் எந்தக் கட்டம் முதலில் சிவந்திருக்கிறது என்று பார்ப்பது.