1960ஆம் ஆண்டுகளின் உளவு நையாண்டித் திரைப்படங்கள்: நகையும் அதன் எல்லையும்

முன்னுரை

ஒரு படைப்பைப் பின்பற்றுவது போலத் தொடங்கி, அதன் இயல்புகளைச் சற்றே திரித்துக் காட்டி நகை விளைவிக்கும் படைப்பினை நையாண்டி என்கிறோம். நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் நிலைக்களன்களாகக் கூறுவார். இவற்றுள் எள்ளலையும் பேதைமையையும் பெரிதும் சார்ந்து வளர்ந்த ஒரு திரைப்பட வகை, 1960ஆம் ஆண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செழித்தது. ஜேம்ஸ் பாண்டு போன்ற உளவாளிகளைக் கேலி செய்த திரைப்படங்களே அவை. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் இப்படங்கள் எவற்றை எள்ளின, எவற்றை எள்ளாமல் விட்டன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நையாண்டிக்கு மூலமான உளவாளி

இயன் ஃபிளெமிங் எழுதிய முதல் ஜேம்ஸ் பாண்டு புதினமான ‘கேசினோ ராயல்’ 1953இல் வெளிவந்தது. ஷான் கானரி நடித்த முதல் பாண்டு திரைப்படமான ‘டாக்டர் நோ’ 1962 அக்டோபரில் இலண்டனில் திரையிடப்பட்டது. கியூபாவில் நிறுவப்பட்ட சோவியத்து ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்றதும் அதே மாதத்தில்தான். பனிப்போர் அச்சம் உச்சத்தில் இருந்த அக்காலத்தில், தனியொருவனாக உலகைக் காக்கும் உளவாளி மக்களுக்கு ஆறுதல் அளித்தான் எனலாம்.

பிரிட்டனின் மெய்யான உளவுத்துறையோ அப்போது தலைகுனிந்து நின்றது. சோவியத்து நாட்டிற்காக உளவு பார்த்த ஜார்ஜ் பிளேக்கிற்கு 1961இல் 42 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கடற்படைத் துறையில் பணியாற்றிய ஜான் வாசல் 1962இல் பிடிபட்டார். உளவுத்துறையின் உயர்பொறுப்பில் இருந்த கிம் ஃபில்பி 1963 சனவரியில் பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவிற்குத் தப்பினார். திரையில் தோல்வியே அறியாத உளவாளி. செய்தித்தாளிலோ அடுக்கடுக்கான தோல்விகள். இவ்விடைவெளியே நையாண்டி முளைத்த நிலமாகும்.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. பாண்டு படங்களே பாதி நகைப்போடு எடுக்கப்பட்டவை. பகைவனைக் கொன்றதும் ஒரு வேடிக்கைச் சொல் உதிர்ப்பது பாண்டின் வழக்கம். 1964இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவனைக் கூரை வழியே தூக்கியெறியும் மகிழுந்து இடம்பெறுகிறது. தன்னைத் தானே பார்த்துச் சிரிக்கும் படைப்பினை எள்ளுவது எளிதன்று. ஆகவே, நையாண்டி செய்தோர் புதிய வழிகளைத் தேட வேண்டியிருந்தது.

நகை விளைத்த நான்கு வழிகள்

முதலாவது, தலைவனைக் குறைத்துக் காட்டுதல். 1964இல் வெளிவந்த பிரிட்டிஷ் படமான ‘கேரி ஆன் ஸ்பையிங்’ இதற்குத் தக்க சான்று. களவு போன மறைவாய்பாட்டை மீட்கத் திறமையற்ற ஓர் உளவாளியும் பயிற்சி முடியாத மூவரும் அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு ஜேம்ஸ் பைண்டு என்று முதலில் பெயரிடப்பட்டது. பாண்டு படங்களின் தயாரிப்பாளர்கள் மறுப்புத் தெரிவிக்கவே, அப்பெயர் சார்லி பைண்டு என மாற்றப்பட்டது. மெல் புரூக்சும் பக் ஹென்றியும் படைத்த ‘கெட் ஸ்மார்ட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் (1965-1970) இவ்வழியையே பின்பற்றியது. இரகசியம் பேசுவதற்கென அதில் ஒரு கண்ணாடிக் கவிகை உண்டு. அதனுள் அமர்ந்து பேசுவோருக்கே ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. இவற்றில் நகைக்கு நிலைக்களன் பேதைமையாகும்.

இரண்டாவது, தலைவனை மிகுத்துக் காட்டுதல். ஜேம்ஸ் கோபர்ன் நடித்த ‘அவர் மேன் ஃபிளின்ட்’ (1966) படத்தின் நாயகன் டெரிக் ஃபிளின்ட், உளவு நிறுவனம் தரும் துப்பாக்கியையும் கருவிப் பெட்டியையும் வேண்டாவென ஒதுக்குகிறான். அவனிடம் உள்ள சிகரெட் கொளுத்தி 82 வகைகளில் பயன்படும். சுருட்டுப் பற்ற வைப்பதையும் சேர்த்தால் 83. நச்சு அம்பில் ஒட்டியிருந்த மீன் குழம்பின் சுவடுகளைக் கொண்டே அது மார்சேய் நகரிலிருந்து வந்தது என்று கண்டறிகிறான். விரும்பிய பொழுதில் இதயத் துடிப்பை நிறுத்திக் கொள்கிறான். பாண்டிடம் இருந்த ஆற்றல் அனைத்தும் இங்கு அளவிறந்து பெருகுவதால், பாண்டையே நம்ப இயலாமற் போகிறது. எள்ளலின் நுட்பமான வடிவம் இது.

மூன்றாவது, தலைவனைத் தளர்த்திக் காட்டுதல். டொனால்டு ஹாமில்டன் 1960 முதல் எழுதிய மாட் ஹெல்ம் புதினங்கள் கடுமையும் துயரும் நிறைந்தவை. அவற்றைத் தழுவி 1966இல் வெளிவந்த ‘தி சைலன்சர்ஸ்’ படத்தில், பாடகர் டீன் மார்ட்டின் நடித்த ஹெல்ம் எதற்கும் அலட்டிக் கொள்ளாதவன். அவனது வட்டக் கட்டில் நகர்ந்து சென்று அவனைக் குளிக்கும் குளத்தில் இறக்கிவிடும். சுடுபவனையே பின்னோக்கிச் சுடும் துப்பாக்கியும் இப்படத்தில் உண்டு. இப்படங்களைத் தயாரித்த இர்விங் ஆலன், பாண்டு படங்களின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான ஆல்பர்ட் புரோக்கோலியின் முன்னாள் கூட்டாளி என்பதும், பாண்டு புதினங்களைப் படமாக்க மனமின்றி விலகியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கவை.

நான்காவது, தலைவனைப் பெருக்கிக் காட்டுதல். ஃபிளெமிங்கின் முதல் புதினத்திற்கான திரைப்பட உரிமை மட்டும் வேறொருவரிடம் இருந்தது. அதனைப் பெற்ற சார்லஸ் ஃபெல்டுமன் 1967இல் ‘கேசினோ ராயல்’ படத்தை வெளியிட்டார். இயக்குநராகப் பெயர் குறிக்கப்பட்டோர் மட்டும் ஐவர். பகைவரைக் குழப்புவதற்காக உளவாளிகள் அனைவருக்கும் ஜேம்ஸ் பாண்டு என்றே பெயரிடப்படுகிறது. டேவிட் நிவன் ஏற்ற முதிய பாண்டு, தம் பெயரைச் சுமந்து திரியும் இளையவனின் கருவி மோகத்தையும் பெண் மோகத்தையும் இகழ்கிறார். கதை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பினும், தனித்தன்மை வாய்ந்த வீரன் என்னும் கருத்தை இப்படம் போல வேறெதுவும் குலைத்ததில்லை எனலாம்.

இவ்வலை மேலைநாடுகளோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் மலாய்த் திரைப்படத் துறையில் ஜின்ஸ் ஷம்சுடின் ஜெஃப்ரி ஜைன் என்னும் உளவாளியாக நடித்த ‘கெராக் கிலாட்’ 1966இல் வெளிவந்தது. மறு ஆண்டே நகைச்சுவைக் கலைஞர் மாட் செந்தோலின் ‘மாட் போண்ட்’ வெளிவந்தது. வீரன் முன்னே வர, அவனை எள்ளுபவன் பின்னே வரும் முறையை இங்கும் காண்கிறோம்.

மிகையென எண்ணியது மெய்யாதல்

இப்படங்களின் கற்பனைகள் மிகையானவை என்றே அக்கால மக்கள் கருதிச் சிரித்தனர். ‘தி ஸ்பை வித் எ கோல்டு நோஸ்’ என்னும் 1966ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தில், நாயொன்றின் உடலில் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தப்பட்டுச் சோவியத்துத் தலைவருக்குப் பரிசாக அனுப்பப்படுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ஒரு பூனையின் உடலில் ஒலிவாங்கியை அறுவை மூலம் பொருத்தி ஒட்டுக்கேட்க முயன்று, 1967இல் அம்முயற்சியைக் கைவிட்டது. இச்செய்தி 2001இல் வெளியிடப்பட்ட ஆவணங்களால் பரவலாக அறியப்பட்டது. பிடல் காஸ்ட்ரோவைக் கொல்ல நச்சுச் சுருட்டும், வெடிக்கும் கிளிஞ்சலும், நோய்க்கிருமி தடவிய நீர்மூழ்கு உடையும் கருதப்பட்டதை 1975இல் அமெரிக்க மேலவைக் குழு வெளிப்படுத்தியது. ஃபிளின்டின் சிகரெட் கொளுத்திக்கும் இவற்றிற்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறியது.

எள்ளாமல் விட்டவை

எனினும், இப்படங்கள் இரண்டு பொருள்களைத் தொடவேயில்லை. முதலாவது, உளவு நிறுவனத்தின் நேர்மை. உளவாளி பேதையாக இருக்கலாம். அவனுடைய தலைவர் சினமுற்றுக் கத்துபவராக இருக்கலாம். ஆனால், நிறுவனம் எப்போதும் நன்மையின் பக்கமே நிற்கும். ஈரானில் 1953இலும் குவாத்தமாலாவில் 1954இலும் ஆட்சிகள் கவிழ்ந்ததில் உளவுத்துறைகளுக்கு இருந்த பங்கினை இந்நகைச்சுவை நெருங்கவில்லை. உளவாளியைச் சிரிப்புக்குரியவனாக்கியதன் வழி, அவனை ஏவிய ஆற்றலைத் தீங்கற்றதாகக் காட்டிவிட்டது எனவும் கூறலாம்.

இரண்டாவது, பெண்களை நடத்திய முறை. ‘அவர் மேன் ஃபிளின்ட்’ படத்தில் பகைவர் பெண்களை மனம் மயக்கி இன்பக் கருவிகளாக்குகின்றனர். அதனை எதிர்க்கும் ஃபிளின்டின் இல்லத்திலோ நான்கு பெண்கள் அவனுக்குப் பணிவிடை செய்கின்றனர். இம்முரண்பாட்டைப் படம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அதன் தொடர்ச்சியான ‘இன் லைக் ஃபிளின்ட்’ (1967) படத்தில், முடியுலர்த்தும் கருவிகள் வாயிலாகப் பெண்குலத்தின் மனத்தை மாற்றி உலகாளப் பெண்கள் சிலர் திட்டமிடுகின்றனர். பெண்கள் ஆளுதல் என்பதே அங்கு நகைப்பொருளாகிறது. பாண்டை எள்ள வந்த படம், இவ்விடத்தில் பாண்டோடு ஒன்றிவிடுகிறது.

முப்பது ஆண்டுகள் கழித்து மைக் மையர்ஸ் படைத்த ‘ஆஸ்டின் பவர்ஸ்’ (1997) இவ்விடைவெளியையே தன் பொருளாக்கிக் கொண்டது. 1967இல் உறைய வைக்கப்பட்ட உளவாளி 1997இல் விழித்தெழுகிறான். அவன் பெண்களிடம் நடந்துகொள்ளும் முறையே இப்போது நகைக்கு இடமாகிறது. முன்னைய நையாண்டி இயல்பெனக் கொண்டதைப் பின்னைய நையாண்டி எள்ளற்பொருளாக்கியது.

முடிவுரை

1960ஆம் ஆண்டுகளின் உளவு நையாண்டிப் படங்கள் கருவிகளையும் வீரத்தையும் இரகசியத்தையும் துணிந்து எள்ளின. அதிகாரத்தையும் ஆண்மேலாண்மையையும் எள்ளாமல் விட்டன. ஒரு காலம் எதைக் கண்டு சிரித்தது என்பதைப் போலவே, எதைக் கண்டு சிரிக்கத் தோன்றவில்லை என்பதும் அக்காலத்தை அறிய உதவும் சான்றாகும். அக்கால மக்கள் ஐயுறாமல் ஏற்றிருந்த நம்பிக்கைகள் அம்மௌனத்தில்தான் பதிந்துள்ளன. நகைச்சுவைப் பனுவல்களை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்கள், நகை எதனால் பிறந்தது என்னும் வினாவோடு, இங்கு யாரைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை என்னும் வினாவையும் மாணவர் முன் வைத்தல் பயனுடையதாகும்.